பீரோவில் பத்திரமாக வைத்த லென்ஸில் பூஞ்சை... காப்பாற்ற முடியுமா?

பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில், பத்திரக் கட்டுகளுக்கு மேலே, உறை போட்டுப் பூட்டி வைத்திருப்பார்கள் கேமராவை. குழந்தைகள் கை படக் கூடாது, தூசி பிடிக்கக் கூடாது, தவறிக் கீழே விழுந்துவிடக் கூடாது என்று அத்தனை கவனம். ஐந்தாறு மாதம் கழித்து வளைகாப்புக்கோ காதுகுத்துக்கோ வெளியே எடுத்துப் படம் பிடித்தால், எல்லாமே மோர் ஊற்றிக் கலந்ததுபோல வெளிறித் தெரிகிறது. லென்ஸைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாலும் மாற்றமில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் விஷயம் புரிகிறது. கண்ணாடிக்கு உள்ளே, சிலந்தி வலைபோல மெல்லிய வெள்ளை இழைகள்!

இதுதான் லென்ஸ் பூஞ்சை. கேமரா கடைகளில் ‘ஃபங்கஸ்’ என்பார்கள். முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தினமும் வெயிலிலும் தூசியிலும் அலையும் லென்ஸைவிட, பத்திரமாகப் பூட்டி வைத்த லென்ஸைத்தான் பூஞ்சை தேடி வருகிறது. இரண்டாவது விஷயமும் முக்கியம். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலான லென்ஸ்களைக் காப்பாற்றிவிடலாம். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான்.

ஊறுகாயில் பூப்பதும் இதே ஜாதிதான்

ஈரக் கரண்டி பட்ட ஊறுகாயிலும், மழைக்காலத்தில் தோல் செருப்பிலும் பூக்கிறதே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் லென்ஸில் வளர்வதும். பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. நம் வீட்டில், தெருவில், புத்தம் புதிய லென்ஸின் உள்ளேயும்கூட அவை இருக்கலாம். வித்து இருப்பதால் மட்டும் ஆபத்து இல்லை. அது முளைப்பதற்கு ஏற்ற சூழ்நிலை அமைந்தால்தான் ஆபத்து.

அந்தச் சூழ்நிலை எது? லென்ஸ் தயாரிப்பில் பெயர்பெற்ற ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் ஒரு பட்டியல் தருகிறது. காற்றின் ஈரப்பதம் 70 சதவிகிதத்துக்குக் குறையாமல் மூன்று நாள்களுக்கு மேல் நீடிக்க வேண்டும். வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். இருட்டு வேண்டும். காற்றோட்டம் இருக்கக் கூடாது. சாப்பிடக் கொஞ்சம் தூசி, துணி நூல், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் போதும்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பூட்டிய பீரோவும், அதற்குள் மூடிய தோல் உறையும் அப்படியே கண்முன் வந்து நிற்கும். கண்ணாடியைப் பூஞ்சை தின்பதில்லை. அதன் மேல் படிந்த விரல் ரேகையின் எண்ணெய்யும், லென்ஸுக்குள் தடவிய கிரீஸின் ஆவியும், நுண்ணிய தூசியும்தான் அதற்கு உணவு.

போர்க்களத்தையே கலங்கடித்த பூஞ்சை

இது இன்று நேற்று வந்த தொல்லை இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது நியூ கினித் தீவின் மழைக்காடுகளில் போரிட்ட ஆஸ்திரேலியப் படையினரின் பைனாகுலர்களும் மற்ற ஒளியியல் கருவிகளும் பூஞ்சை படிந்து மங்கிப்போயின. எதிரியைப் பார்க்க வேண்டிய கண்ணாடியில் வெறும் வெள்ளைப் படலம்! இதற்கு வழி தேடும் வேலை மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறைக்கு வந்தது. செடி கொடிகளையும் பூஞ்சைகளையும் ஆராய்ந்த அறிஞர்கள், ராணுவத்தின் கண்ணாடிக் கருவிகளைக் காப்பாற்றும் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். குளிர் நாடுகளில் தயாரான கருவிகள் ஈரமும் சூடும் கலந்த நாடுகளுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் அப்போது நன்றாகப் புரிந்துகொண்டது.

ஈரமும் சூடும் கலந்த நாடு என்றால், நம் ஊரும்தானே! சென்னையில் காலை நேர ஈரப்பதம் பெரும்பாலான மாதங்களில் 70 சதவிகிதத்தைத் தாண்டுகிறது. கடற்கரை ஊர்களுக்கும், நீலகிரி, வால்பாறை போன்ற மலை ஊர்களுக்கும் ஈரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கேமராவுக்கு ஓய்வு... பூஞ்சைக்குக் கொண்டாட்டம்

கல்யாண போட்டோகிராபர்களின் நாள்காட்டியைப் பார்த்தால் இன்னொரு பொருத்தம் புலப்படும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. மார்கழியிலும் கிடையாது. அந்த இரண்டு மாதங்களிலும் பல கேமராக்கள் பைக்குள் போய்விடுகின்றன.

ஆடி என்பது தென்காசி, நாகர்கோவில், வால்பாறைப் பக்கங்களில் சாரல் காலம். மார்கழியோ, ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறிய காற்றும் பனியும் சேரும் மாதம். அதாவது, கேமரா தூங்கும் மாதங்களும் பூஞ்சை விழித்துக்கொள்ளும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. தை பிறந்து முதல் முகூர்த்தத்துக்குப் பையைத் திறக்கும்போதுதான் அதிர்ச்சி காத்திருக்கும். தொழிலுக்கு லென்ஸை நம்பியிருப்பவர்களுக்கு அது கைமுதலே பறிபோகிற விஷயம்.

மொபைல் டார்ச் போதும், கண்டுபிடித்துவிடலாம்

லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். இதைப் படித்துக்கொண்டிருக்கும் மொபைலின் டார்ச்சே போதும்.

லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றுங்கள். முன் மூடி, பின் மூடி, ஃபில்டர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பழைய மேனுவல் லென்ஸ் என்றால் அப்பெர்ச்சர் வளையத்தை மிகச் சிறிய எண்ணுக்குத் திருப்பி, உள்ளே இருக்கும் இதழ்களை முழுதாகத் திறந்து வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சற்றே சாய்வாக அடியுங்கள். முன்பக்கத்திலிருந்து எட்டிப் பாருங்கள். பிறகு லென்ஸைத் திருப்பிப் பிடித்து, அதேபோல மறுபக்கமும் பாருங்கள். ஜூம் லென்ஸாக இருந்தால் வளையத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே பார்க்க வேண்டும். வெளிச்சம் நேராகக் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெரிவதெல்லாம் பூஞ்சை என்று பயந்துவிடவும் வேண்டாம். தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது தூசி. எல்லா லென்ஸிலும் கொஞ்சம் தூசி இருக்கும். படத்தில் அது தெரியாது. நேர்க்கோடாக இருந்தால் கீறல். கண்ணாடி முழுவதும் ஒரே சீராக ஆவி படிந்ததுபோல இருந்தால் பெரும்பாலும் கிரீஸ் ஆவியாகிப் படிந்த மங்கல். ஓரத்தில் வானவில் நிறமோ, குமிழோ தெரிந்தால் ஒட்டிய இரண்டு கண்ணாடிகள் விலகத் தொடங்கியிருக்கின்றன என்று அர்த்தம்.

ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி, வேர்போலக் கிளை பிரிந்து, நுனியில் இன்னும் மெலிந்து போகிறதா? அல்லது கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுப்பக்கம் நோக்கிச் சிலந்தி நூல்போலப் படர்கிறதா? அதுதான் பூஞ்சை.

படத்தில் என்ன ஆகும்?

தொடக்கத்தில் ஒன்றுமே தெரியாது. முன் கண்ணாடியில் ஓரமாக இரண்டு இழை இருந்தால், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். இதனால்தான் பலர், ‘படம் நன்றாகத்தானே வருகிறது’ என்று விட்டுவிடுகிறார்கள்.

வெளிச்சத்துக்கு எதிராகப் படம் பிடிக்கும்போது குட்டு வெளிப்படும். இழைகளில் பட்ட ஒளி நாலா பக்கமும் சிதறும். கறுப்பு, சாம்பலாகும். நிறங்கள் வெளுக்கும். மேடை விளக்கைச் சுற்றி, வாகன விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் பரவும். பூஞ்சை இருப்பது பின் கண்ணாடியில் என்றால் பாதிப்பு இன்னும் அதிகம். எஃப் 16 போன்ற சின்ன அப்பெர்ச்சர் வைத்து வெறும் வானத்தைப் படம் பிடித்துப் பாருங்கள். பின்பக்கத்துக் கறை சில சமயம் மங்கலான நிழலாகவே படத்தில் விழும்.

இழை போகும்... தழும்பு போகாது

சாப்பிட்ட பூஞ்சை அமிலத்தைக் கக்குகிறது. இங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவாகவோ பச்சையாகவோ மின்னுகிறதல்லவா, அது கண்ணாடியின் நிறம் இல்லை. அதன் மேல் பூசிய கோட்டிங்கின் மினுமினுப்பு. மெக்னீசியம் ஃபுளூரைடு போன்ற பொருளை மிக மெல்லிய படலமாகப் பூசியிருப்பார்கள். ஒரு படலத்தின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். அதாவது, தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு!

இந்தப் படலம் எதற்கு? பூச்சு இல்லாத சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பலரிடமும் இருக்கும் கேனான் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். லென்ஸையே எடுத்துக்கொள்வோம். அதில் 6 கண்ணாடிகள், 5 தொகுதிகளாக இருக்கின்றன. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பக்கங்கள் 10. பூச்சு இல்லாவிட்டால் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு இழப்பாகிவிடும். அப்படித் திரும்பும் ஒளி உள்ளேயே முட்டி மோதிப் படத்தையும் வெளுக்க வைக்கும்.

பூஞ்சையின் அமிலம் முதலில் அரிப்பது இந்தப் பூச்சைத்தான். அப்புறம் கண்ணாடியையே அரிக்கும். இழையைத் துடைத்து எடுத்துவிடலாம். ஆனால், அது அரித்த தடம் வேர் வடிவிலேயே கண்ணாடியில் தங்கிவிடும். அம்மை இறங்கினாலும் தழும்பு நிற்பதுபோலத்தான். அந்தத் தழும்பைப் போக்கக் கண்ணாடியை மெருகேற்றிப் புதிதாகக் கோட்டிங் பூச வேண்டும். சாதாரண ரிப்பேர் கடையில் அது நடக்கிற வேலை இல்லை. கண்ணாடியையே மாற்றுவதுதான் வழி. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பதில் இத்தனை அக்கறை.

வீட்டில் செய்யக் கூடாதவை

பூஞ்சையைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். அந்த நேரத்தில் செய்கிற சில காரியங்கள் பூஞ்சையைவிட அதிகக் கேடு செய்யும்.

மொட்டை மாடி வெயிலில் லென்ஸைக் காய வைப்பது முதல் தவறு. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களுக்குப் பூஞ்சையைத் தாக்கும் குணம் உண்டுதான். ஆனால், லென்ஸின் கண்ணாடிகளும் கோட்டிங்கும் அந்தக் கதிர்களில் பெரும்பகுதியை உள்ளே விடுவதில்லை. பூஞ்சை செத்தாலும் இழை அங்கேயேதான் இருக்கும். மறுபக்கம், லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி என்பதை மறக்கக் கூடாது. வெயிலைக் குவித்துத் துணியையோ காகிதத்தையோ பற்ற வைத்துவிடும். சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸும் இளகும்.

அரிசி டப்பாவுக்குள் லென்ஸைப் புதைப்பது இரண்டாவது தவறு. அரிசித் தூள் உள்ளே புகும். மாவுச்சத்து, பூஞ்சைக்கு விருந்து! பீரோவில் அந்துருண்டை, கற்பூரம் போட்டுப் பக்கத்தில் லென்ஸை வைப்பதும் வேண்டாம். அவற்றின் ஆவி கண்ணாடியில் படலமாகப் படியும்.

இணையத்தில் வீடியோ பார்த்து லென்ஸைப் பிரிப்பது மூன்றாவது. பழைய லென்ஸில் அனுபவம் உள்ளவர்கள் செய்யலாம். புதியவர்களுக்கு அது ஆபத்து. ஜப்பானியத் திருகுகளின் தலை நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஸ்டார் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது. அழுத்தித் திருப்பினால் தலை தேய்ந்து, கழற்றவே முடியாமல் போகும். ஃபிளாஷ் உள்ள சின்ன டிஜிட்டல் கேமராவை என்றால் தொடவே தொடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் ஃபிளாஷ் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கக்கூடும்.

வீட்டில் என்னதான் செய்யலாம்? பூஞ்சை உள்ள லென்ஸை மற்றவற்றிலிருந்து பிரித்து, உலர்ந்த டப்பாவில் தனியே வையுங்கள். வெளிக் கண்ணாடியில் மட்டும் என்றால், ரப்பர் புளோயரால் தூசியை ஊதிவிட்டு, லென்ஸ் டிஷ்யூவில் ஓரிரு சொட்டு லென்ஸ் திரவம் விட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடைக்கலாம். திரவத்தை நேராகக் கண்ணாடியில் ஊற்றக் கூடாது. சட்டை நுனி, வேட்டி நுனி கூடவே கூடாது.

ரிப்பேர் மேஜையில் நடப்பது என்ன?

நல்ல மெக்கானிக் முதலில் செய்வது, நாம் செய்த அதே டார்ச் சோதனைதான். எந்தக் கண்ணாடியின் எந்தப் பக்கத்தில் பூஞ்சை இருக்கிறது என்று பார்த்து, எவ்வளவு பிரிக்க வேண்டும் என்று முடிவு செய்வார்.

பழைய ஸ்டுடியோக்களில் ஓடிய யாஷிகா மேட் 124ஜி போன்ற இரட்டை லென்ஸ் கேமரா என்றால் வேலை எளிது. படம் பிடிக்கும் லென்ஸில் மொத்தமே 4 கண்ணாடிகள், 3 தொகுதிகள். கேனானின் 70-200 மி.மீ. எஃப் 2.8 எல் ஐ.எஸ். இரண்டாம் தலைமுறை லென்ஸில் 23 கண்ணாடிகள், 19 தொகுதிகள்! நடுவே ஆட்டோஃபோகஸ் மோட்டார், அதிர்வைத் தடுக்கும் அமைப்பு, காகிதம்போல மெல்லிய மின்பட்டைகள். ஒரே பூஞ்சைதான் என்றாலும் இரண்டுக்கும் கூலி ஏன் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது என்பது இப்போது புரியும்.

ஒவ்வொரு வளையத்தையும் கழற்றும் முன் அது நின்ற இடத்தில் அடையாளக் கோடு போடுவார்கள். ஃபோகஸ் வளையத்துக்குள் பல புரிகள் கொண்ட மரை ஒன்று இருக்கிறது. அது எந்தப் புரியில் விடுபட்டதோ, அதே புரியில்தான் திரும்ப ஏற வேண்டும். மாறினால் தூரத்துப் பொருள் ஃபோகஸே ஆகாது. கண்ணாடிகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய தகட்டு வளையங்களும் இடம் மாறக் கூடாது.

கண்ணாடி வெளியே வந்ததும் பூஞ்சையைக் கரைத்துத் துடைப்பார்கள். ஹைட்ரஜன் பெராக்ஸைடும் அமோனியாவும் கலந்த கலவையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். பிறகு சுத்தமான ஆல்கஹாலில் துடைத்து முடிப்பார்கள். எந்தக் கண்ணாடியின் கோட்டிங் எதைத் தாங்கும் என்று தெரிந்தவர்கள் செய்கிற வேலை இது. அமோனியாவின் நெடி மூச்சை அடைக்கும். தவறிப்போய் பிளீச்சிங் கலந்த திரவத்தோடு சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். வீட்டு அடுப்படியில் இதைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டாம்.

இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய இடத்தின் நடுவே பூஞ்சை புகுந்திருந்தால் சிக்கல். ஒட்டைப் பிரித்து, சுத்தம் செய்து, மையம் பிசகாமல் மறுபடி ஒட்ட வேண்டும். பெரும்பாலான கடைகளில் இதை எடுக்க மாட்டார்கள்.

செலவு செய்யலாமா, விட்டுவிடலாமா?

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. அதே லென்ஸ் செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். ரிப்பேர் கூலி அதில் பாதியைத் தாண்டினால் ஒருமுறைக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும். கேமராவோடு சேர்ந்து வந்த 18-55 கிட் லென்ஸுக்குப் பெரிய தொகை செலவழிப்பது பெரும்பாலும் வீண். விலை உயர்ந்த லென்ஸ், இழை புதிது, கோட்டிங் கெடவில்லை என்றால் தயங்காமல் கொடுக்கலாம்.

வாரன்ட்டி இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்கள் அட்டையின் சிறிய எழுத்துகளையும் படித்துவிடுவது நல்லது. ஈரத்தாலும் பூஞ்சையாலும் வரும் கேடு பொதுவாக அதில் சேராது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கண்ணாடியைத் துடைத்துத் தருவதைவிட, பாதித்த தொகுதியையே மாற்றச் சொல்வதும் உண்டு. அங்கே செலவு கூடும். ஆனால், அளவுகள் கம்பெனிக் கணக்குப்படி சரிபார்க்கப்பட்டு வரும்.

அப்பா வாங்கிய கேமரா, தாத்தாவின் ஸ்டுடியோ லென்ஸ் என்றால் கணக்கு வேறு. அதற்குச் சந்தை விலை ஒன்று, வீட்டு விலை ஒன்று. எந்த விலைக்காகச் செலவழிக்கிறோம் என்பதில் மட்டும் தெளிவு இருந்தால் போதும்.

கொடுக்கும்போதும் வாங்கும்போதும்

கடையில் கொடுக்கும் முன் லென்ஸின் சீரியல் எண் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச் வெளிச்சத்தில் பூஞ்சை தெரிவதையும் ஒரு படம் எடுங்கள். ஃபில்டர், ஹூட் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, மூடிகளோடு லென்ஸை மட்டும் கொடுங்கள்.

மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். பூஞ்சை எந்தக் கண்ணாடியில் இருக்கிறது? துடைத்த பிறகு தழும்பு தங்குமா? பிரித்துப் பார்த்த பிறகு முடியாது என்றால் எவ்வளவு கூலி? கூலித் தொகையை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘புதுசு மாதிரி ஆக்கிவிடலாம்’ என்று பார்க்காமலேயே சொல்பவரைவிட, ‘பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்’ என்பவரை நம்பலாம்.

திரும்ப வாங்கும்போது கடையிலேயே டார்ச் அடித்துப் பாருங்கள். கேமராவில் மாட்டி, தூரத்துக் கட்டடம் கூர்மையாகத் தெரிகிறதா என்று சோதியுங்கள். செங்கல் சுவர் ஒன்றை நேராக நின்று படம் பிடித்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் ஏதோ ஒரு கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஃபோகஸ் வளையமும் ஜூம் வளையமும் எங்கும் சிக்காமல் சுழல வேண்டும். பழைய லென்ஸைச் செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களும் பணத்தை எடுக்கும் முன் இதே சோதனைகளைச் செய்துவிடலாம்.

மறுபடி வராமலிருக்க...

சுத்தம் செய்த லென்ஸை அதே பீரோவில், அதே உறையில் வைத்தால் அடுத்த மழைக்குப் பூஞ்சை திரும்ப வரும். மாற வேண்டியது அது குடியிருக்கும் இடம்.

தொழில் செய்பவர்களுக்கு மின்சாரத்தில் இயங்கும் டிரை கேபினட் நல்ல முதலீடு. ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவிகிதத்துக்குள் வைத்திருப்பது நல்லது. ரொம்பவும் உலர்த்தினால் ரப்பரும் கிரீஸும் காய்ந்துபோகும்.

வீட்டில் ஓரிரண்டு லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, மூடியில் ரப்பர் ஓரம் வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவே போதும். அதற்குள் சிலிக்கா ஜெல் பைகளும், ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றும் வையுங்கள். மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கச் சமையலறை உப்பே உதவும். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, கரையாமல் ஈரமணலாகும் அளவுக்குத் தண்ணீர் சொட்டுங்கள். அதையும் மீட்டரையும் ஜிப் கவரில் மூடி ஒரு நாள் விடுங்கள். மீட்டர் 75 சதவிகிதத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். எவ்வளவு விலகிக் காட்டுகிறதோ, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். சோதனை முடிந்ததும் உப்பை எடுத்துவிட்டு, மீட்டரை மட்டும் டப்பாவுக்குள் வையுங்கள்.

சிலிக்கா ஜெல்லுக்கும் ஆயுள் உண்டு. ஈரம் குடித்து முடித்தால் நீல மணிகள் இளஞ்சிவப்பாகும். ஆரஞ்சு மணிகள் பச்சையாகவோ நிறமற்றோ மாறும். சூடாக்கினால் மறுபடி பயன்படுத்தலாம். நீல மணியில் இருக்கும் கோபால்ட் குளோரைடு நச்சுப்பொருள். அதைச் சமைக்கும் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. குழந்தைகள் கைக்கும் எட்டக் கூடாது. ஆரஞ்சு மணியை வாங்குவது நல்லது.

தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், பயணத்துக்கு மட்டும் போதும். மழையில் நனைந்து வந்த அன்று, துடைத்து, காற்றாட வைத்துவிட்டு மறுநாள் டப்பாவில் வையுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே போகும்போது குளிர்ந்த லென்ஸில் ஆவி படியும். லென்ஸை ஜிப் கவரில் மூடியே எடுத்துப்போய், அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் அது கவரோடு போகும்.

எல்லாவற்றையும்விட எளிய மருந்து, பயன்படுத்துவதுதான். மாதத்தில் ஒரு நாள் கேமராவை வெளியே எடுங்கள். வாசல் கோலத்தை, தாத்தா பாட்டியை, மாடிச் செடியை நாலு படம் பிடியுங்கள். வெளிச்சமும் காற்றும் பட்ட லென்ஸில் பூஞ்சைக்குக் கால் ஊன்ற நேரமிருக்காது. விசேஷம் வரட்டும் என்று காத்திருக்காமல், வீட்டில் சும்மா இருக்கும் லென்ஸை இன்று ராத்திரியே எடுத்து ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.